கயிறு அறுந்த பெட்டி

திருத்தணி
1943 ஜூலை 4, ஞாயிறு

சௌபாக்கியவதி ரஞ்சிதத்துக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நாம் பிரியவில்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன். மாமாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது?

நீ பள்ளிப்பட்டுக்குப் போய் இன்றோடு ஐந்து நாள். கோபத்தில் கிளம்புகிறவள் கையில் கிடைத்ததை எல்லாமா எடுத்துப் போவாள்? சேலை நான்கு, பித்தளைச் செம்பு ஒன்று, மரப் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டியை நான் கொண்டுவந்து இறக்கி ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. எலி அரிசியைத் தின்கிறது, மூடி போட்ட பெட்டி வேண்டும் என்று ஆறு மாதமாக அரித்தவள் நீ. பட்டாள முகாமில் கைப்பிடிக் கயிறு அறுந்துபோனதென்று கழித்த தோட்டாப் பெட்டி அது. முறைப்படி சீட்டு எழுதி வாங்க வேண்டும். எழுதாமலே எடுத்து வந்தேன். மூன்று வருஷக் கிடங்குக் குமாஸ்தா உத்தியோகத்தில் நான் செய்த ஒரே தப்பு அது, அதுவும் உனக்காக.

மறுநாள் காலை நான் கேட்டதில் என்ன குற்றம்? ஒரு மாதத்தில் மூன்றே முக்கால் படி அரிசி குறைந்தால் கேட்கமாட்டார்களா? எலி தின்றது என்றாய். எந்த ஊர் எலி நாளுக்குச் சரியாக ஒரு ஆழாக்கு அளந்து தின்கிறது?

பன்னிரண்டாம் தேதி சென்னையிலிருந்து ஒரு காப்டன் துரை கிடங்கைச் சோதிக்க வருகிறார். எனக்குப் பயமில்லை. மழைக்கு முன்னால் எல்லாத் தோட்டாவையும் வெயிலில் பரப்பி, எண்ணி, திரும்ப அடுக்கியாயிற்று. கூலியாட்களை வைத்துச் செய்தோம், நீ போவதற்கு முந்தின நாள். பேரேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது.

முகாம் ஆட்களின் கடிதங்களைத் தபாலில் பிரித்துப் படிக்கிறார்கள். அதனால் இதை, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸின் டிரைவர் கஜபதியிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலும் அவரிடமே கொடு. சமையல் நானே செய்துகொள்கிறேன், உப்புதான் கைக்கு அடங்கவில்லை.

பரசுராமன்


பள்ளிப்பட்டு
ஜூலை 6, செவ்வாய்

பாவாவுக்கு ரஞ்சிதம் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் 'வா' என்று ஒரு வார்த்தை இருக்கிறதா என்று இரண்டு முறை தேடினேன். சேலை நான்கு என்று இருந்தது. செம்பு ஒன்று என்று இருந்தது. அது மட்டும் இல்லை.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் நீங்கள் எண்ணாதது ஏதாவது உண்டா? தீக்குச்சியை எண்ணினீர்கள். தோசை வார்க்கும்போது அடுப்பங்கரை வாசலில் நின்று எண்ணினீர்கள். தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றால், "இன்னாடி, முழம் குறையுது" என்றீர்கள். அதையெல்லாம் சிரித்துக்கொண்டு போனேன். ஆனால் அன்றைக்குப் படியைக் கையில் எடுத்து, என்னை எதிரே நிறுத்தி வைத்து, இருக்கிற அரிசியை அளந்து காட்டினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னைப் பெற்ற நைனா இந்த வீட்டில் ஒருநாள் என்னை அப்படி நிற்க வைத்ததில்லை.

அரிசி எங்கே போனது என்று சொல்லமாட்டேன். நான் தின்னவில்லை, விற்கவும் இல்லை. எலியின் மேல் பழி போட்டது தப்பு, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

பெட்டியை வீம்புக்குத்தான் தூக்கி வந்தேன். வண்டி மேலே ஏற்றும்போது கஜபதி அண்ணன், "இன்னாம்மா இது, கல்லு கில்லு வெச்சிகினு போறியா?" என்றார். மிலிட்டரி மரம் அண்ணா, அப்படித்தான் கனக்கும் என்றேன். அதில் கிடந்த கோணியின் மேலேயே சேலைகளை மடித்து வைத்திருக்கிறேன். அரிசி வைக்க ஆசைப்பட்டது போதும்.

நைனாவுக்கு இருமல் தேவலை. கேட்டதற்குச் சந்தோஷம். உப்பைக் கையால் போடாமல் கரண்டிக் காம்பால் எடுத்துப் போடுங்கள்.

ரஞ்சிதம்


திருத்தணி
ஜூலை 14, புதன்

ரஞ்சிதத்துக்கு,

என் தலையில் இடி விழுந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் சோதனை. துரையும் ஒரு சுபேதாரும் வந்தார்கள். முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. கிடங்கைச் சுற்றிப் புல் செதுக்கி இருக்கிறதா, மணல் வாளி நிறைந்திருக்கிறதா, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இடம் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பேரேட்டைப் புரட்டிவிட்டுத் தலையை ஆட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு எல்லாப் பெட்டியையும் திறக்கச் சொன்னார்.

மொத்தம் இருபது பெட்டி. பெட்டிக்கு இருபது பட்டை. பட்டை என்றால் காக்கித் துணியில் ஐந்து பை தைத்து, பைக்குப் பத்துத் தோட்டா போட்டது. பத்தொன்பது பெட்டியில் சரியாக இருந்தது. கடைசிப் பெட்டியில் ஒரு பட்டை இல்லை. ஐம்பது தோட்டா, ரஞ்சிதம். மூன்று தடவை எண்ணினேன். பேரேட்டில் நானூறு பட்டை என்று என் கையெழுத்து இருக்கிறது, தரையில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது கிடக்கிறது.

போன வருஷம் தண்டவாளம் பெயர்த்த கலவரத்துக்குப் பிறகு ஒரு தோட்டா காணாமல் போனாலும் சும்மா விடமாட்டார்கள். கிடங்குக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று காவல்காரர் சத்தாரிடம். துரை என்னைப் பார்த்தார், பேரேட்டைப் பார்த்தார், பிறகு சத்தாரைப் பிடிக்கச் சொன்னார். சத்தாரைக் காவல் அறையில் அடைத்துவிட்டார்கள். நம் பக்கத்திலுள்ள அவர் வீட்டில் போய் மூட்டை முடிச்செல்லாம் கொட்டிப் பார்த்து, அடுப்படித் தரையைக் கடப்பாரை போட்டுத் தோண்டினார்கள். அவர் மனைவி ஆலம் பீ கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே நின்றாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் அவரை விடவில்லை. விசாரணை முடியும்வரை துரை முகாமிலேயே தங்கப் போகிறாராம்.

உன்னிடம் ஒரு விஷயம். அந்தப் பெட்டியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே. காலிப் பெட்டிதான், ஆனால் சீட்டில்லாமல் எடுத்தது. இப்போது வெளியே தெரிந்தால் எல்லாப் பழியும் என் மேல் திரும்பும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு.

பரசுராமன்


பள்ளிப்பட்டு
ஜூலை 16, வெள்ளி

பாவாவுக்கு,

படித்தேன். எரிக்கவில்லை.

அரிசி எங்கே போனது என்று கேட்டீர்களே, இப்போது சொல்கிறேன். நீங்கள் முகாமுக்குப் போனதும் தினமும் ஒரு ஆழாக்கு எடுத்து முந்தானையில் மறைத்து ஆலம் பீயிடம் கொடுத்தேன். மாமியாருக்கும் பெரிய பிள்ளைகள் இரண்டுக்கும் போட்டுவிட்டு, அவள் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு, "சாப்ட்டாச்சுக்கா" என்பாள். குழந்தைக்குப் பால் வற்றிப்போய்விட்டது. பாய்க்குத் தெரிந்தால் ரோஷப்படுவார், யாருக்கும் சொல்லவேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதனால்தான் உங்களிடம் எலி என்று சொன்னேன். அந்த அடுப்படியையா தோண்டினார்கள்? பாவிகள், அங்கே என்ன இருக்கிறது தோண்ட!

உங்களை ஒன்று கேட்கிறேன், கோபிக்காமல் பதில் சொல்லுங்கள். சத்தார் பாய்க்காக நீங்கள் ஒரு வார்த்தை பேசினீர்களா? மூன்று தடவை எண்ணினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் நல்லவர் என்று ஒரு தடவை சொன்னேன் என்று எழுதவில்லையே.

இன்னொன்று. அந்தப் பெட்டியைத் தலையில் வைத்து நம் வாசலில் கொண்டுவந்து இறக்கியது யார்? சத்தார் பாய்தானே! குமாஸ்தா சீட்டில்லாமல் பெட்டி எடுத்துப் போனார் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் உள்ளே இருப்பது நீங்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. இது உங்களுக்கு உறைக்கவே இல்லையா பாவா?

அன்றைக்கு வெயிலில் பரப்பி எண்ணினோம் என்றீர்கள். வாய்விட்டு எண்ணியது யார்? நீங்களா? அவரைப் போய்க் கேளுங்கள். ஐம்பது தோட்டா தானாக நடந்து போகாது.

ரஞ்சிதம்


திருத்தணி
ஜூலை 18, ஞாயிறு

ரஞ்சிதத்துக்கு,

நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எழுதவே கூசுகிறது. துரை சத்தாரைக் கை காட்டியபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நான் இல்லை என்ற நிம்மதி. சத்தார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேரேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ சொன்னபடி இன்று போய்க் கேட்டேன். அன்றைக்கு எண்ணியது மணவூர்ப் பக்கத்து ஆள் தேசப்பன். வயலில் வேலை இல்லாத மாதம் என்று கூலிக்கு வந்தவன். அறுப்புக் காலத்தில் களத்தில் நெல் அளப்பது அவன்தான், அவன் சொன்னால் அளவு பிசகாது என்று ஊரே சொல்லும். அதனால்தான் எண்ணச் சொன்னேன். அவன் எண்ண, நான் கோடு போட்டேன்.

வரப்பில் உட்கார்ந்திருந்தான். கேட்டதும் கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னான். "ஆங், எண்றதுக்கு முன்னாடி மொதோ அளவு சாமிக்கு எடுத்து வெக்கணும் இல்லீங்களா குமாஸ்தாய்யா. தணிகை மலையானுக்கு வெக்காம எப்டிங்க எண்றது? பக்கத்துல கயிறு அறுந்த காலிப் பொட்டி கெடந்திச்சி. அதுல ஒரு பட்டை வெச்சி கோணியப் போட்டு மூடினேன். அப்பால தான் லாபம், ரெண்டு, மூணுன்னு எண்ணிகினு வந்தேன். சாயங்காலம் நீங்களே அந்தப் பொட்டிய எடுத்துக்கினு போனீங்க. கோயில்ல சேக்கத்தான் எடுத்துனு போறீங்கன்னு இருந்தேன்."

களத்தில் முதல் படி நெல்லைச் சாமிக்கு ஒதுக்கிவிட்டுத்தான் அளப்பார்கள், ஒன்று என்பதற்குப் பதில் லாபம் என்பார்கள். எனக்கும் தெரிந்த வழக்கம்தான். அவன் கை முதல் பட்டையை எடுத்ததும் நான் ஒரு கோடு போட்டேன். லாபம் என்றதும் அடுத்த கோடு. என் கோட்டில் நானூறு சரியாக வந்தது; அவன் வாய் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றதை நான் காதில் வாங்கவில்லை. கடைசிப் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. உனக்குப் பெட்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்ற அவசரம்.

ஆகவே அது உன்னிடம் இருக்கிறது. உன் சேலைகளுக்குக் கீழே, கோணிக்குக் கீழே.

ரஞ்சிதம், உங்கள் தோட்டத்துக் கிணறு ஆழம். அதில் போட்டுவிடு. சாட்சி இல்லாமல் சத்தாரை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? தானாக விட்டுவிடுவார்கள். நான் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? சாமிக்கு வைத்தான் என்று ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் எப்படிச் சொல்வேன்?

பரசுராமன்


பள்ளிப்பட்டு
ஜூலை 20, செவ்வாய்

பாவாவுக்கு,

பார்த்தேன். இருக்கிறது. நைனா தறியில் இருந்த நேரம் கதவைச் சாத்திக்கொண்டு சேலைகளை எடுத்துவிட்டுக் கோணியை விலக்கினேன். ஐயோ, மூன்று வாரமாக இதன் மேலே இருந்தா சேலை எடுத்து உடுத்தினேன்! பையை அவிழ்க்காமல் மேலாகத் தடவி எண்ணினேன். ஐம்பது. உங்கள் பெண்டாட்டிதானே, எண்ணாமல் இருப்பேனா!

கிணற்றில் போடமாட்டேன். இந்த வீடே அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. அது மட்டுமில்லை. ஆலம் பீ முகத்தில் அப்புறம் நான் விழிக்க வேண்டாமா?

நான் சொல்கிறபடி செய்யுங்கள். பட்டையை நான் எடுக்கவில்லை, இருந்த இடத்திலேயே கோணியை மூடி வைத்திருக்கிறேன். துரையிடம் போய், இன்ன இடத்தில் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று சொல்லுங்கள். அவரே வந்து எடுக்கட்டும். நாம் கொண்டுபோய்க் கொடுத்தால் திருடினவன் பயந்து திருப்பிக் கொடுத்தான் என்பார்கள். நைனாவிடம் சொல்லிவிட்டேன். "மிலிட்டரிக்காரன் வந்தா வரட்டும், தறிய நிறுத்தமாட்டேன்" என்கிறார்.

பயப்படாதீர்கள். நீங்கள் திருடர் இல்லை. அன்று சாயங்காலம் பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டு, நான் என்ன சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் வேண்டுமென்றே ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தது பாவா. அன்றே சொல்லியிருக்கலாம்.

உங்களுக்கு வேலை போகலாம். ஜெயில்கூட வரலாம். வந்தால் வரட்டும், நான் இருக்கிறேன். ஆனால் நீங்கள் சும்மா இருந்தால் என்னால் உங்களோடு இருக்க முடியாது.

ரஞ்சிதம்


பள்ளிப்பட்டு
ஜூலை 22, வியாழன்

பாவாவுக்கு,

நேற்றும் மிலிட்டரி வண்டி வரவில்லை, இன்றும் வரவில்லை. ரோட்டில் சத்தம் கேட்டால் எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன். கஜபதி அண்ணனைக் கேட்டேன். "பரசுராமன் முகாம் வாசல்ல நின்னுகினு இருக்காரு, உள்ளயும் போகல, வீட்டுக்கும் போகல" என்கிறார்.

நாளை சாயங்காலத்துக்குள் யாரும் வராவிட்டால் சனிக்கிழமை முதல் வண்டியில் பெட்டியோடு நானே வந்து துரையின் முன்னால் இறக்கி வைப்பேன். நான் சொல்வதற்குள் நீங்கள் சொல்லிவிடுங்கள். உங்கள் வாயால் வரவேண்டும் என்றுதான் காத்திருக்கிறேன்.

ரஞ்சிதம்


திருத்தணி முகாம், காவல் அறை
ஜூலை 25, ஞாயிறு

ரஞ்சிதத்துக்கு,

வெள்ளிக்கிழமை காலையில் சொல்லிவிட்டேன். பிறகு நடந்தது உனக்கே தெரியும், உன் வீட்டுக்குத்தானே வந்தார்கள். நீ துரைக்கு மோர் கொடுத்தாயாம், சுபேதார் வந்து சொன்னார். உன்னால்தான் முடியும்.

துரை பட்டையோடு திரும்பி வந்து, இது எப்படிப் பெட்டிக்குள் போயிற்று என்று கேட்டார். களத்து வழக்கத்தைச் சொன்னேன். சுபேதார் பஞ்சாப் பக்கத்துக் குடியானவர். எங்கள் ஊரிலும் முதல் அளவை எடுத்து வைப்பார்கள் என்று அவர் துரைக்கு எடுத்துச் சொன்னார். துரைக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. வைத்தவன் யார் என்று கேட்டார். பத்துப் பேர் கூலிக்கு வந்தார்கள், எந்தக் கை என்று தெரியாது, காலி என்று பார்க்காமல் எடுத்தவன் நான் என்றேன். தேசப்பனைக் காட்டிக் கொடுக்கவில்லை.

வேலை போய்விட்டது. ஐம்பதும் கிடைத்ததால் வழக்கு இல்லை. பத்து நாள் காவல், அவ்வளவுதான். சத்தாரை வைத்திருந்த அதே அறையில் என்னைப் போட்டிருக்கிறார்கள்.

அவர் வெளியே போகும்போது நான் உள்ளே வந்தேன். வாசலில் இருவரும் நின்றோம். "ஏன் பாய் பொட்டியப் பத்திச் சொல்லல?" என்று கேட்டேன். "யாரும் கேக்கல சார்" என்றார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். "என்னப் பிடிச்ச அன்னிக்கே, பாக்க வந்தப்போ, எம் பொண்டாட்டி எல்லாம் சொல்லிட்டா சார். உங்க வீட்டு அரிசிய என் பிள்ளைங்க தின்னுதுங்க. நான் எந்த வாயால சொல்லுவேன்?" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. நான் அளந்து பார்த்துச் சண்டை போட்ட அரிசி அது.

இந்த அறைச் சுவரில் ஆணியால் கீறிய கோடுகள் இருக்கின்றன. நாளுக்கு ஒன்று, சத்தார் போட்டது. பதினொன்று. வந்த அன்றே எண்ணிவிட்டேன், என் புத்தி எங்கே போகும்? முதல் ஆறு கோடும் யாருக்கும் விஷயம் தெரியாத நாட்கள். கடைசி ஐந்தும் அப்படி இல்லை. தேசப்பன் சொல்லி எனக்குத் தெரிந்த பிறகும் நான் முகாம் வாசலில் நின்றுகொண்டிருந்த நாட்கள். அந்த ஐந்து கோட்டுக்கும் எதிரே படுத்திருக்கிறேன். துரை இதைக் கேட்கவில்லை. சத்தாரும் கேட்கவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடிகிறது.

மத்தியானச் சோறு ஆலம் பீ கொடுத்தனுப்புகிறாள். சத்தார்தான் கொண்டுவருகிறார். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் போகிறது.

வா, ரஞ்சிதம்.

பரசுராமன்


பள்ளிப்பட்டு
ஜூலை 26, திங்கள்

பாவாவுக்கு,

இந்தத் தடவை தேட வேண்டியிருக்கவில்லை. கண்டேன்.

நாளை ஆடிக் கிருத்திகை, காவடிக் கூட்டத்தில் வண்டியில் நிற்க இடம் இருக்காது என்கிறார் கஜபதி அண்ணன். டாப்பில் உட்கார்ந்தாவது வந்துவிடுவேன். நைனா ஒரு மூட்டை அரிசி கட்டிக் கொடுத்திருக்கிறார். முதலில் ஆலம் பீ வீட்டில் இறங்கி, அவள் அடுப்படித் தரையை மண் குழைத்து மெழுகிக் கொடுத்துவிட்டு, பிறகு உங்களைப் பார்க்க வருவேன். அரிசியில் பாதி அவளுக்கு. முந்தானையில் மறைக்காமல் தெருவழியாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கப் போகிறேன்.

அந்த ஐந்து கோட்டையும் மறந்துவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். அது உங்கள் கணக்கு. வெளியே வந்ததும் சத்தார் பாயிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். சொல்லும்போது நான் பக்கத்தில் நிற்கிறேன்.

பெட்டியைத் துரை கொண்டுபோய்விட்டார். இனி மிச்ச அரிசியை எலி தின்னத்தான் தின்னும். தின்றுவிட்டுப் போகட்டும்.

ரஞ்சிதம்